கைதி யார் கையில்?

1951 செப்டம்பர் 8 அன்று சான்பிரான்சிஸ்கோவில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஜப்பானியப் பிரதமர் யோஷிதா ஷிகெரு, அன்றே அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். ஆக்கிரமிப்பு முடிந்தது, படை மட்டும் போகவில்லை. அந்தப் படையைச் சேர்ந்தவர் ஜப்பானிய மண்ணில் குற்றம் செய்தால் விசாரிப்பது யார்? 1952-இல் உருவான நிர்வாக உடன்பாடு அந்த அதிகாரத்தை அமெரிக்காவிடமே விட்டுவைத்தது. நேட்டோ நாடுகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமைந்ததும், 1953 செப்டம்பரில் அதே விதி ஜப்பானுக்கும் வந்தது. பணியின்போது நடந்த குற்றத்தையும் அமெரிக்கர்களுக்குள் நடந்த குற்றத்தையும் அமெரிக்க ராணுவம் விசாரிக்கும். மற்றவற்றில் ஜப்பானுக்கே முதல் உரிமை. ஏட்டில் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அடுத்த மாதமே, அக்டோபர் 28 அன்று, இரு நாட்டு அதிகாரிகள் அமரும் கூட்டுக் குழுவின் துணைக் குழு ஒன்றில் ஜப்பானியப் பிரதிநிதி, நாட்டுக்கு மிக முக்கியமான வழக்குகளைத் தவிர மற்றவற்றில் அந்த உரிமையைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லை என்று பதிவு செய்தார். அந்தக் குறிப்பை ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் வெளியிட்டது 2011-இல்! கூட்டாளி நாடுகள் பேசி முடிக்கும்போது, குடிமக்களின் உரிமை எவ்வளவு என்பதை நாடாளுமன்றம் ஏற்ற வாசகம் தீர்மானிப்பதில்லை. மூடிய அறையில் எழுதப்படும் குறிப்புகளே தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து.

ஜெரார்டு வழக்கை எடுத்துக்கொள்வோம். குன்மா மாகாணத்தின் சோமகஹாரா பயிற்சித் திடலில், சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளை உறைகளைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தார்கள் சுற்றுவட்டார ஏழைகள். 1957 ஜனவரி 30 அன்று அப்படிப் பொறுக்க வந்த 46 வயதுப் பெண்ணின் முதுகில், வில்லியம் ஜெரார்டு என்ற அமெரிக்கப் படைவீரர் குண்டு ஏவும் கருவியில் வைத்துச் சுட்ட வெற்று உறை பாய்ந்தது. அந்தப் பெண் இறந்துபோனார். பணி நேரத்தில் நடந்ததா இல்லையா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜெரார்டை ஜப்பானிடம் ஒப்படைக்கத் தடையில்லை என்று ஜூலையில் தீர்ப்பு வந்தது. மாயெபாஷி நீதிமன்றம் நவம்பரில் 3 ஆண்டு தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது. ஜப்பானின் இறையாண்மை வென்றதாக அன்று பலரும் நினைத்தார்கள். பின்னாளில் வெளியான அமெரிக்க ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. காயம் விளைவித்து மரணத்துக்குக் காரணமானார் என்பதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு வராது என்று ரகசியமாகப் பேசி முடித்த பிறகே அவரை ஒப்படைத்திருக்கிறார்கள்.

1960 ஜனவரி 19 அன்று புதிய பாதுகாப்பு ஒப்பந்தத்துடன் படைநிலை உடன்பாடும் கையெழுத்தானது. பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து டோக்கியோவே தெருவில் இறங்கியது. பிரதமர் கிஷி பதவி விலகினார். அந்தக் கொந்தளிப்பில் உடன்பாட்டின் 17-ஆவது பிரிவை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. சந்தேக நபர் அமெரிக்கர் கையில் இருந்தால், ஜப்பான் குற்றச்சாட்டு பதிவு செய்யும்வரை அவர் அங்கேயே இருப்பார் என்கிறது அது. 1972-இல் ஜப்பானிடம் திரும்பிய ஒகினாவாவுக்கும் இதே விதிதான். 1995 செப்டம்பரில் அங்கே 12 வயதுச் சிறுமியை மூன்று அமெரிக்கப் படையினர் கடத்திச் சீரழித்தார்கள். பிடிவாணை கையில் இருந்தும் காவல்துறையால் அவர்களைத் தன் காவலில் எடுக்க முடியவில்லை. அக்டோபர் 21 அன்று கினோவானில் சுமார் 85,000 பேர் திரண்டார்கள். நான்கே நாளில் கூட்டுக் குழு ஓர் இணக்கத்துக்கு வந்தது: கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் குற்றச்சாட்டுக்கு முன்பே ஒப்படைக்கக் கேட்டால் அமெரிக்கா அனுதாபத்துடன் பரிசீலிக்கும். 1996-இல் ஒருவரை அப்படி ஒப்படைக்கவும் செய்தார்கள். 2002-இல் ஒகினாவாவில் பாலியல் வன்முறை முயற்சி வழக்கில் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். உடன்பாடு மீறப்பட்டதாக ஜப்பானால் வாதிடவும் முடியவில்லை. பரிசீலிப்பதாகத்தானே சொன்னார்கள்!

இதற்கு எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானிய முறையில் குற்றச்சாட்டுக்கு முன் ஒருவரை 23 நாள் வரை காவலில் வைக்கலாம். விசாரணையின்போது வழக்கறிஞர் உடனிருக்க உரிமையில்லை. தன் வீரனை அங்கே அனுப்ப அமெரிக்கா தயங்குவது நியாயமே. ஆனால் 2004-இல் இதற்கு என்ன தீர்வு கண்டார்கள்? விசாரணை அறையில் அமெரிக்கத் தரப்பு ஒருவர் உடனிருக்க இணங்கினார்கள். சொந்தக் குடிமகனுக்கு இல்லாத காப்பு வெளிநாட்டு வீரனுக்குக் கிடைத்தது. காவல் முறையையே திருத்தியிருந்தால் இருவருக்கும் நன்மை. மற்ற நாடுகளைவிட எங்கள் ஏற்பாடு மேலானது என்பது டோக்கியோவின் இன்னொரு வாதம். ஒப்படைப்பு நடைமுறையை மட்டும் பார்த்தால் அதில் உண்மை உண்டு. ஆனால் ஜெர்மனி 1993-இல் துணை உடன்பாட்டின் வாசகத்தையே திருத்தி, தளங்களுக்குள்ளும் பொதுவாகத் தன் சட்டமே செல்லும் என்று எழுதிவாங்கியது. நேட்டோ உடைந்துவிடவில்லை. ஆகவே, திருத்தம் கேட்டால் கூட்டணி ஆட்டம் காணும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை.

கூட்டுக் குழுவில் ஜப்பான் தரப்பின் தலைவர் வெளியுறவு அமைச்சகத்தின் வட அமெரிக்கப் பிரிவு அதிகாரி. எதிரே அமர்பவர் ஜப்பானிலுள்ள அமெரிக்கப் படைகளின் துணைத் தளபதி. ஒரு பக்கம் ராஜதந்திரி, மறுபக்கம் ராணுவத்தார். இரு தரப்பும் இணங்கினால் தவிர அவர்கள் பேசியது வெளியே வராது. 2015-இல் சுற்றுச்சூழலுக்கும் 2017-இல் ராணுவம் சாராப் பணியாளருக்கும் துணை உடன்பாடுகள் சேர்ந்தன. 1960-இல் கையெழுத்தான 28 பிரிவுகளில் இன்றுவரை ஒரு சொல்கூடத் திருத்தப்படவில்லை.