மண்ணின்றி வளர்ந்த புதினா

பயிர் என்றவுடன் நிலத்தை நினைப்பதே மக்கள் இயல்பு. உழவும் எருவும் நீரும் காவலும் ஒருங்கே அமைந்தாலன்றி விளைவில்லை என்பதை முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அவ்வாறிருக்க, இன்று உலகின் பல நகரங்களில், ஒருபிடி மண்ணும் இல்லாத மாடி வீட்டு அறைகளில், மின்னொளியின் கீழே, நீர் நிறைந்த தொட்டிகளில் கீரையும் புதினாவும் கொத்தமல்லியும் தழைத்து வளர்கின்றன. காண்போர் இதனை நேற்றுத் தோன்றிய புதுமை என வியக்கின்றனர். ஆனால், இதன் வரலாறு 300 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. மண்ணை ஒதுக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் அது தொடங்கியதுமன்று. செடி எதனை உண்டு வளர்கின்றது என்னும் வினாவுக்கு விடை காணப் புகுந்தவர்களே மண்ணை விட்டு நீரை நாடினர்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரசெல்ஸ் நகரைச் சேர்ந்த வன் ஹெல்மொன்ட் என்னும் மருத்துவர் ஒரு பரிசோதனை செய்தார். உலர்த்திய மண் 200 இறாத்தலை ஒரு தொட்டியிலிட்டு, அதில் 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றொன்றை நட்டார். மழைநீரையும் வடித்த நீரையுமன்றி வேறெதனையும் அதற்கு ஊட்டவில்லை. ஐந்து ஆண்டுகளின் பின் மரத்தை நிறுத்தபோது அது 169 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்டிருந்தது. மண்ணோ ஏறக்குறைய 2 அவுன்சு மாத்திரமே குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீரினாலேயே ஆயது என அவர் முடிவு செய்தார். 1644இல் அவர் மறைந்தபின், 1648இல் வெளியான நூல் இச்செய்தியை உலகுக்கு அறிவித்தது.

நிறுத்தது சரி, முடிவுதான் பிழை. அவர் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. குறைந்த 2 அவுன்சு மண்ணையும் பொருட்படுத்தவில்லை. வாயு என்னும் பொருளுக்கு 'காஸ்' என்ற சொல்லையே ஆக்கித் தந்த அறிஞர், தம் மரத்தைச் சூழ்ந்திருந்த வாயுவை மறந்தது விந்தையே.

இம்முடிவை ஐயுற்றவர் இங்கிலாந்து நாட்டு ஜோன் வூட்வார்ட். மருத்துவமும் நிலவியலும் கற்ற இவர் எடுத்துக்கொண்டது பெருமரமன்று, சமையலறைக்குரிய புதினா. மண் சிறிதும் இல்லாமல் கண்ணாடிக் குப்பிகளில் வெவ்வேறு வகை நீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு செடியை நிறுத்தினார். நீர் ஒன்றே உணவாயின் எல்லாச் செடிகளும் ஒரே அளவாக வளர வேண்டுமல்லவா? 1691இல் 77 நாட்கள் நடந்த சோதனையில், மழைநீரில் நின்ற செடி பதினேழரைக் கிறெயின் எடை கூடியது. தேம்ஸ் நதியின் கலங்கல் நீரில் நின்றதோ 26 கிறெயின் கூடியது. (ஓர் இறாத்தல் 7000 கிறெயின் கொண்டது.) மறு ஆண்டு ஹைட் பூங்காவின் குழாய்நீரைக் கொண்டு மீண்டும் சோதித்தார். அந்நீரில் மட்டும் நின்ற 110 கிறெயின் செடி 56 நாட்களில் 139 கிறெயின் கூடியது. அதே நீரில் தோட்டத்து மக்கு மண்ணைக் கலந்து வைத்த செடி, தொடக்கத்தில் 92 கிறெயினே இருந்தும், 284 கிறெயின் கூடியது.

ஆகவே, செடியை வளர்ப்பது நீரன்று, நீரில் கரைந்தும் கலந்தும் வரும் மண்பொருளே என வூட்வார்ட் 1699இல் எழுதினார். செடி குடித்த நீரின் பெரும்பகுதி இலைகளின் வழியே காற்றிற் கலந்துவிடுவதையும் அவர் அளந்து காட்டினார். இதுவும் பாதி உண்மையே. எனினும், மண்ணில் ஏதோ ஒன்று உண்டு, அது நீரின் வாயிலாகவே வேருக்கு வருகின்றது என்பது நிலைபெற்றுவிட்டது.

அந்த ஏதோ ஒன்று யாது என அறிய மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது. செடியின் உடலிற் பெரும்பகுதி காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்தும் நீரிலிருந்தும் ஆகின்றது என்பதையும், மண் தருவது அளவிற் சிறிதாயினும் இன்றியமையாதது என்பதையும் ஜெனீவா நகரத்து டி சோசூர் 1804இல் விளக்கினார். 1860ஆம் ஆண்டையொட்டி ஜேர்மனியில் சாக்ஸ், நொப் என்னும் இருவர் இறுதி அடியை எடுத்து வைத்தனர். நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம், கல்சியம், மகனீசியம், கந்தகம் ஆகியவற்றைத் தரும் சில உப்புக்களையும் சிறிது இரும்பையும் நீரிற் கரைத்து, அதில் செடியை விதை முதல் விதை வரை வளர்த்துக் காட்டினர். வன் ஹெல்மொன்ட் பொருட்படுத்தாது விட்ட 2 அவுன்சின் பொருள் அப்பொழுதே விளங்கிற்று.

அதுவரை இது பரிசோதனைச்சாலைக்குரிய கருவியாகவே இருந்தது. அதனைப் பயிர்த்தொழிலாக்க முனைந்தவர் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக்கே என்பவர். 1929இல் அவர் தம் கருத்தை வெளியிட்டார். நீர்த்தொட்டிகளில் அவர் வளர்த்த தக்காளிக் கொடிகள் ஏணி வைத்துப் பறிக்குமளவு உயர்ந்தன. 1937இல் இம்முறைக்கு 'ஹைட்ரோபொனிக்ஸ்' என்னும் பெயரை அவர் வழங்கினார். நீர், உழைப்பு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. மண் செய்த உழைப்பை நீர் செய்கின்றது என்பது கருத்து.

பத்திரிகைகள் இச்செய்தியைப் பெரிதாக்கின. உழவுக்கே இனி வேலையில்லை என்ற பேச்சு எழுந்தது. கரைசலின் விவரத்தை வெளியிடுமாறு சர்வகலாசாலை கேட்டது. தம் வீட்டில் உருவாக்கிய முறை இன்னும் நிறைவுறவில்லை என்றும், அதனைச் செப்பமாக்க இடமும் காலமும் வேண்டும் என்றும் கெரிக்கே கூறினார். பிணக்கு முற்றி, 1937இல் அவர் பதவியை விட்டு நீங்கினார். உண்மையை ஆராயுமாறு ஹோக்லண்ட், ஆர்னன் என்னும் இரு அறிஞர்களைச் சர்வகலாசாலை பணித்தது. 1938இல் அவர்கள் பொதுமக்களுக்கென ஒரு சிறு வெளியீட்டை எழுதினர். நல்ல மண்ணைக் காட்டிலும் நீர் மிகுதியாக விளைவிப்பதில்லை என்று அவர்கள் ஒளிவுமறைவின்றிக் கூறினர். ஆயினும், கரைசல் செய்யும் அளவுகளையும் அதிலேயே எல்லோர்க்கும் தந்துவிட்டனர். புகழ்ந்தவர் மறைத்துக் காத்தது பயன்படாமலிருக்க, ஐயுற்றவர் திறந்து வைத்தது உலகெங்கும் பரவிற்று. இன்றும் ஆய்வாளர் பலர் ஹோக்லண்டின் பெயரால் வழங்கும் கரைசலையே எடுத்தாள்கின்றனர்.

மண் இல்லாத இடங்களில் இம்முறையின் அருமை புலப்பட்டது. பசிபிக் சமுத்திரத்தின் வேக் தீவில், விமானப் பிரயாணிகளுக்கு வேண்டிய காய்கறிகள் இவ்வாறு விளைவிக்கப்பட்டன. போரின் பின், 1946இல், யப்பானின் சோபு என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினர் பெரும் நீர்ப்பண்ணை அமைத்தனர். அங்குள்ள வயல்களுக்கு மனிதக் கழிவு எருவாக இடப்பட்டமையால், பச்சையாக உண்ணும் இலைகள் நோய் தரும் என அஞ்சியதே காரணம். அதே ஆண்டில் வங்காளத்தில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், விலையுயர்ந்த கருவிகளின்றிக் கல்லும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் எளியோரும் பயிரிடத்தக்க முறையொன்றை வகுக்கத் தொடங்கினார்.

பின்னர் பிளாத்திக்குக் குழாய்களும் சிறு நீரிறைப்பிகளும் மலிந்தன. வேர்களை நனைத்து மெல்லிய படலமாக ஓடும் நீரில் பயிர் வளர்க்கும் முறையை இங்கிலாந்தில் அலன் கூப்பர் உருவாக்கினார். நீல ஒளி தரும் எல்.ஈ.டி. விளக்கு 1990களில் கைகூடியபின், சூரியன் புகாத அறையும் தோட்டமாயிற்று. நீரிறைப்பியும் வேண்டாத முறையொன்றை ஹவாய்த் தீவைச் சேர்ந்த கிராட்கி பரப்பினார். ஒளி புகாத ஒரு பாத்திரம், அதில் உப்புக் கரைசல், மூடியின் துவாரத்தில் ஓர் இலைக்கோசுச் செடி. நீர் வற்ற வற்ற இடையில் உண்டாகும் வெளியிலிருந்து வேர்கள் காற்றைப் பெறுகின்றன. வூட்வார்டின் புதினாக் குப்பி, 300 ஆண்டு அறிவைச் சுமந்துகொண்டு மீண்டும் வீட்டுக்கு வந்துவிட்டது எனலாம்.

ஆயினும், ஒன்றை மறத்தலாகாது. மண் நீரைத் தேக்கி வைக்கின்றது. உப்பு மிகின் ஏற்றுத் தாங்குகின்றது. குறையின் சிறிது சிறிதாக விடுகின்றது. வேருக்குக் காற்றும் தருகின்றது. இவற்றை அது கேளாமலே செய்கின்றது. நீரில் பயிரிடுவோர் இத்தனை கடமைகளையும் தாமே ஏற்றாக வேண்டும். கரைசலின் செறிவையும் புளிப்பையும் அவர் அளந்து பார்த்தல் வேண்டும். ஓடும் நீரில் வளரும் பயிருக்கு மின்சாரம் சில மணி நேரம் தடைப்படினும் வேர் உலர்ந்து கேடு விளையும். மண்ணிலே நிற்கும் கீரையோ ஒருநாள் மறதியைப் பொறுத்துக்கொள்ளும்.

மண் வேண்டாம் எனச் சொல்லத் துணிவதற்கு, மண் செய்யும் பணி யாதென அறிவது முதல் தேவையாயிற்று. அதனை அறிய மனிதனுக்கு மூன்று நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. யன்னலோரத்துப் பாத்திரத்தில் கீரை வளர்க்கும் இல்லத்தரசி அளந்து ஊற்றும் ஒவ்வொரு கரண்டிக் கரைசலும், காலடியிற் கிடக்கும் நிலம் நாள்தோறும் பேசாது செய்துவரும் தொண்டின் அளவையே காட்டுகின்றது.