ஒன்பது தேர்வுகள்

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஓர் இசைப்பாடம் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தை வைத்து ஏழாம் நூற்றாண்டு என்பார்கள். ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகள். கடைசியில், உருத்திராசாரியரின் சீடனான அரசன் ஒருவன் மாணவர் நன்மைக்காக இதைச் செய்தான் என்று ஒரு குறிப்பு. அவன் மகேந்திரவர்மனா இல்லையா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு ‘மாணவர் நன்மைக்காக’ என்பதுதான் கண்ணில் நின்றது. ஆனால் கல், பாடம் சொல்லும். தப்பாகப் பாடினால் திருத்தாது. அதற்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார் வேண்டும்.

நான் கல்லூரிகளுக்கான கற்றல் மென்பொருள் எழுதுகிறவன். பெரும்பாலும் நாங்களும் கல்லில் வெட்டுகிற வேலையைத்தான் செய்கிறோம். வீடியோ, பிடிஎஃப், கடைசியில் ஒரு கொள்குறித் தேர்வு. மார்க் ஒரு நொடியில் வந்துவிடும். எங்கே சறுக்கினோம், அடுத்து என்ன படிக்கணும் என்பது மட்டும் வராது.

இதே மாவட்டத்தில் கணினியே இல்லாமல் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். படிக்க வந்தவர்களில் வயல்வேலை செய்கிறவர்கள், கல்குவாரியில் கல் உடைக்கிறவர்கள், செயற்கை ரத்தினத்துக்குப் பட்டை தீட்டுகிறவர்கள் என்று பெண்கள் ஏராளம்.

அன்றைய எழுத்தறிவு இயக்கப் பாடமுறையில் மூன்று புத்தகங்கள். ஒவ்வொன்றுக்குள்ளேயும் மூன்று தேர்வுகள், ஆக ஒன்பது. தேர்வு எங்கேயோ தனியாக, ஹால் டிக்கெட்டோடு இல்லை; பாடத்தோடு பாடமாக, அதே புத்தகத்தில். படிக்கிற அம்மா தன் கையால் எழுதுவார். தொண்டருக்கு அப்போதே தெரிந்துவிடும்: இந்த உயிர்மெய் வரிசை இன்னும் பிடிபடவில்லை, நாளைக்கு மறுபடி. எட்டவேண்டிய அளவும் தெளிவாக இருந்தது. நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்கணும், 7 சொல் பார்த்து எழுதணும், 5 சொல் கேட்டு எழுதணும், 100 வரை எண் தெரியணும். கற்றலின் நடுவே மதிப்பிடுவதைப் பற்றி பால் பிளாக்கும் டைலன் வில்லியமும் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுத் தொகுப்பு வந்தது 1998-ல்தான்.

அறிவொளியோடு சேர்ந்து சைக்கிளும் வந்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஓட்டி வந்ததை பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். சைக்கிளுக்கு மார்க் ஷீட் கிடையாது. சாய்ந்தால் அந்த நொடியே தெரியும், அடுத்த மிதியில் சரிசெய்துகொள்ளலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒன்பது தேர்வும் ஒரு தனி ஆளைப் பற்றியவை. ‘முழு எழுத்தறிவு மாவட்டம்’ என்ற அறிவிப்போ மேலே அனுப்புகிற எண். அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்ததாக ஆகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. 1994-ல் அருண் கோஷ் தலைமையிலான நிபுணர் குழு, தொடர்ந்து படிக்க வழியில்லாத இடங்களில் கற்ற எழுத்து நழுவிப்போவதைச் சுட்டிக்காட்டியது. 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டையின் எழுத்தறிவு 77 சதவீதம், பெண்களில் 69. தமிழ்நாட்டின் சராசரி 80.

எங்கள் மென்பொருளிலும் அழகாக இருப்பது துறைத்தலைவர் பார்க்கிற பக்கம்தான்: எத்தனை பேர் முடித்தார்கள், சராசரி எவ்வளவு, வண்ண வண்ணமாக. மாணவர் பார்க்கிற பக்கத்தில் ஓர் எண் மட்டும். விடைத்தாளில் பேராசிரியர் நாலு வரி எழுதவும், மாணவர் அதைப் படித்துத் திருத்தி மறுபடி அனுப்பவும் வழி செய்வது தொழில்நுட்பத்தில் பெரிய விஷயமே இல்லை. அறுபது தாளுக்கு நாலு வரி எழுத அவருக்கு நேரம் கொடுப்பதுதான் பெரிய விஷயம். அறிவொளியில் அந்த நேரத்தைத் தொண்டர்கள் சும்மா கொடுத்தார்கள். கல்லூரியில் அதை டைம்டேபிளில்தான் ஒதுக்கியாக வேண்டும்.