ஆதார் இல்லாத வெளிநாட்டு மாணவர் ஓட்டுநர் உரிமம் பெறுவது எப்படி?



செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போக வேண்டுமென்றால் பஸ்ஸை விட்டால் பைக்தான். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ படிக்க வந்து நம் வீட்டில் தங்கும் உறவுக்காரப் பிள்ளை சாவியைக் கேட்டால், நாமும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம். உரிமம் இல்லாமல் ஓட்டினால் ரூ.5,000 அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக இதே தண்டனை உண்டு. விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமிருந்தே வசூலிக்க வழியிருக்கிறது.

"ஆதார் இல்லையே, எப்படி எடுப்பது?" என்பதே பலரின் கேள்வி. ஆதார் இல்லாமலும் வழி இருக்கிறது.

1. சர்வதேச அனுமதிச்சீட்டு: சொந்த நாட்டில் உரிமம் உள்ளவர், அங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதிச்சீட்டு எடுத்து வரலாம். அது ஓராண்டுக்குத்தான் செல்லும்.

2. தங்கும் உரிமைக்கான சான்று: பாஸ்போர்ட், செல்லத்தக்க மாணவர் விசா ஆகியவை அவசியம். விசா 180 நாட்களுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்து, அதன் சான்றையும் வைத்திருக்க வேண்டும்.

3. வயது, முகவரிச் சான்று: வயதுக்குப் பாஸ்போர்ட் போதும். முகவரிக்குத்தான் பலர் திணறுகிறார்கள். பட்டியலில் உள்ள ஆவணம் எதையும் தக்க காரணத்தால் தர முடியாதவர், நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன் உறுதியளித்த பிரமாணப் பத்திரம் தரலாம். அதை அதிகாரி ஏற்கலாம் என்கிறது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி 4. ஆனால், விசாவுக்கு இந்தப் பத்திரம் ஈடாகாது.

4. விண்ணப்பம்: 'சாரதி' இணையதளத்தில் ஆதார் இல்லாதவருக்கான பிரிவைத் தேர்ந்து, செஞ்சியின் 604202 என்ற பின்கோடைக் கொடுத்தால் உரிய அலுவலகம் தெரியும். ஆதார் உள்ளவர் எல்.எல்.ஆர். தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். இல்லாதவர் நேரில் போய் எழுத வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாட்களுக்குப் பிறகு ஓட்டிக் காட்டி உரிமம் பெறலாம். கியர் வண்டிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

5. ஆதாரும் எடுக்கலாம்: முந்தைய 12 மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கிய வெளிநாட்டவர் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். அது குடியுரிமைச் சான்று ஆகாது.

இதில் ஒரு மார்க்க விஷயமும் உண்டு. "யார் கேட்கப்போகிறார்கள்" என்று புரோக்கர் சொன்ன பொய் முகவரியில் பிரமாணப் பத்திரம் எழுதுவது, பெரும்பாவமான பொய்ச் சாட்சியில் சேரும். சட்டப்படியும் அது குற்றம். பிள்ளையின் விசாவுக்கும் படிப்புக்குமே ஆபத்தாக முடியும். விசா என்பது இந்நாட்டுக்கு நாம் கொடுத்த வாக்கு. வாக்கை நிறைவேற்றுவது முஃமினின் பண்பு. நம் வீட்டில் தங்கும் பிள்ளையோ அதன் பெற்றோர் நம்மிடம் ஒப்படைத்த அமானத். உரிமம் கைக்கு வரும்வரை சாவி நம்மிடமே இருக்கட்டும்.

நம் பிள்ளைகளை எல்லா விபத்துகளிலிருந்தும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.