பிந்திய மதிப்பெண்களின் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்தியம் படிக்க விரும்பும் மாணவன், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வைத்தியக் கலாசாலைக்குள் நுழைந்துவிட முடியாது. பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் ஒரு கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, அங்கே வாங்கிய ஒவ்வொரு மதிப்பெண்ணையும் சுமந்துகொண்டுதான் அவன் விண்ணப்பம் போட வேண்டும். பதினெட்டு வயதில் வீட்டைப் பிரிந்து, விடுதி வாழ்க்கையின் புதுமையில் மயங்கி, ரசாயனத்தில் கோட்டை விட்டவன், இருபத்திரண்டாம் வயதில் வகுப்பிலேயே முதல்வனாகத் தேறினாலும் அந்த முதல் வருஷத்து மதிப்பெண் அவனை விடுவதில்லை. இந்தக் கண்டிப்பு ஆதிமுதல் இருந்து வந்ததன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு வைத்தியக் கலாசாலைகளிற் பல, ஆசிரியர்களின் சொந்த வியாபாரமாகவே நடந்துவந்தன. பிரசங்கங்களுக்குச் சீட்டு விற்பார்கள். சீட்டு வாங்கப் பணமிருந்தவன் மாணவன். சில மாதப் பிரசங்கங்களை ஓராண்டு கேட்டு, அவற்றையே மறு ஆண்டும் கேட்டு, இடையே ஒரு வைத்தியரிடம் எடுபிடியாக இருந்தால் பட்டத்துக்கு அதுவே போதும். ஹார்வர்டிலேகூட, வாய்மொழிப் பரீட்சை நடத்திய ஒன்பது பேராசிரியர்களில் ஐவரைத் திருப்திப்படுத்தியவன் வைத்தியனானான். எஞ்சிய நான்கு பாடங்களில் அவனுடைய அஞ்ஞானம் பரிபூரணமாக இருந்தாலும் குற்றமில்லை. 1869-இல் அச்சர்வகலாசாலையின் தலைவரான சார்ல்ஸ் எலியட், 1871-இல் மூன்றாண்டுப் படிப்பை வகுத்து எழுத்துப் பரீட்சையையும் கொண்டுவரத் துணிந்தபோது, அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி பிகெலோ, மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சரியாக எழுதவே வராதே என்று ஆட்சேபித்தாராம். சீர்திருத்தத்தைத் தடுக்க எழுந்த அவ்வாதத்தைவிடச் சீர்திருத்தத்துக்கு அனுகூலமான சாட்சியம் வேறு இருக்க முடியாது.

பால்டிமோர் நகரில் 1893-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியக் கலாசாலைதான் இவ்விஷயத்தில் புது யுகத்தைத் தொடங்கிற்று. மேரி காரெட் என்னும் சீமாட்டி மூன்று லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை தந்து, பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும், சேருகிறவர் யாராயினும் கல்லூரிப் பட்டமும் விஞ்ஞானப் பயிற்சியும் பிரெஞ்சு, ஜெர்மன் பாஷைகளின் பரிசயமும் உடையவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தாள். பின்பு 1910-இல், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 கலாசாலைகளைப் பற்றி ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, வைத்தியப் படிப்புக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பாவது வேண்டும் என்று வற்புறுத்தியது. பணம் பறித்த போலிக் கலாசாலைகள் பல மறைந்தன. அவற்றோடு ஏழைகளுக்கும் கறுப்பினத்தவருக்கும் திறந்திருந்த வாயில்களும் அடைபட்டன என்பதை அவ்வறிக்கையைப் புகழ்வோர் மறந்துவிடுவது வழக்கம். கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு கலாசாலைகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே பிழைத்தன.

கல்லூரிப் படிப்பைக் கட்டாயமாக்கியதும் கல்லூரி மதிப்பெண்ணே பிரவேசத்துக்குப் பிரமாணமாயிற்று. ஆயினும் சேர்ந்தவர்களில் இடையில் விழுந்தோர் தொகை, 1920-களில், கலாசாலைக்குக் கலாசாலை நூற்றுக்கு ஐந்திலிருந்து ஐம்பது வரை வேறுபட்டது. இதற்குப் பரிகாரமாக 1928-இல் எஃப். ஏ. மாஸ் என்பவர் வகுத்த தனிப் பரீட்சைதான், பல மாறுதல்களுக்குப் பின் இன்றும் எம்கேட் என்ற பெயரில் நடந்துவருகிறது. அது மதிப்பெண்ணுக்குத் துணையாயிற்றேயன்றி மதிப்பெண்ணின் ஸ்தானத்தைப் பறிக்கவில்லை.

பல கலாசாலைகளுக்குப் பொதுவான விண்ணப்ப முறை வந்தபின் கணக்கு இன்னும் கறாராயிற்று. எம்.டி. பட்டம் தரும் கலாசாலைகளுக்கான அந்த முறையில், ஒரு பாடத்தில் தோற்றுத் திரும்ப எழுதினால் இரண்டு மதிப்பெண்களும் சேர்த்தே கூட்டப்படும். சித்திரகுப்தன் ஏட்டில் அழிப்பான் கிடையாது. நான்கு புள்ளிகளை உச்சமாகக் கொண்ட அவர்களுடைய அளவையில், முதலாண்டு 2.0, நடு இரண்டாண்டுகளிலும் 3.5, கடைசியாண்டு 4.0 பெற்ற ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் பாடச்சுமை சமமாயிருந்தால் அவனது சராசரி 3.25. முதலாண்டு 4.0 வாங்கி, கடைசியாண்டு 2.0-க்குச் சரிந்தவனுக்கும் அதே 3.25தான். ஏறுகிறவனையும் இறங்குகிறவனையும் ஒரே தட்டில் நிறுத்தும் இந்தச் சராசரியை நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நல்ல வேளையாக, அதே விண்ணப்பத்தில் ஆண்டுவாரியான அட்டவணையும் பட்டத்துக்குப் பின் படித்த பாடங்களின் தனிக் கணக்கும் உண்டு. பொறுமையுள்ள தேர்வுக் குழு அவ்வட்டவணையைப் பார்த்து, ஏறுமுகமாக வந்தவனிடம் தாட்சண்யம் காட்டுவதும் உண்டு. முதற் பார்வையிலேயே சராசரியைக் கொண்டு கழித்துவிடும் இடத்திலோ, அட்டவணையைப் புரட்டுவார் யார்?

விண்ணப்பம் போட்ட பிறகு வரும் மதிப்பெண்களின் நிலை விசித்திரமானது. சேர்க்கைக்கு ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பம் போய்விடுகிறபடியால், கடைசியாண்டு மதிப்பெண்கள் அதில் இடம்பெறாதிருப்பது சகஜம். அவற்றைப் பின்னர்க் கடிதமூலம் தெரிவித்தால் சில கலாசாலைகள் ஏற்கும். சில ஏறெடுத்தும் பாரா. ஆனால் இடம் கிடைத்தபின் படிப்பைக் கைவிட்டவனுடைய வீழ்ச்சியை மட்டும் எல்லோரும் கவனிப்பார்கள். கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் அதிகாரத்தைக் கலாசாலைகள் தம் கையிலேயே வைத்திருக்கின்றன.

பழைய பிழைக்குப் பிராயச்சித்தம் செய்ய ஒரு வாயில் நெடுங்காலம் திறந்திருந்தது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசௌரி மாகாணத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் தொடங்கிய கலாசாலையின் வழிவந்த, ஆஸ்டியோபதி என்னும் வைத்திய மரபைச் சேர்ந்த கலாசாலைகள், திரும்பப் படித்த பாடத்துக்குப் புதிய மதிப்பெண்ணையே கணக்கிட்டு, பழையதை நீக்கி வந்தன. வயது கடந்து மனந்திருந்தி வந்தவர்களுக்கு அது பெரும் அனுகூலம். 2017-இல் அவையும் அவ்வழக்கத்தை விட்டு, எல்லா மதிப்பெண்களையும் கூட்டத் தொடங்கின. டெக்ஸாஸ் மாகாணச் சட்டம் மட்டும் அங்குள்ளோருக்கு ஒரு சலுகை தருகிறது. பத்தாண்டுகளுக்கு முற்பட்ட கல்லூரிப் படிப்பைக் கணக்கில் எடுக்காதிருக்கும்படி கேட்கலாம். அப்படிக் கேட்டால் அந்நாளில் தோற்ற பாடங்களோடு தேறிய பாடங்களும் போய்விடும். கணிதத்தில் முதல் தரம் வாங்கியிருந்தாலும், வைத்தியப் பிரவேசத்துக்கு அது தேவையென்றால், முப்பது வயதுக்காரர் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை மறுபடியும் படிக்க வேண்டியதுதான்.