மூலையில் அடங்காத குரல்

நாடகமேடை ஏறிய பெண்ணைக் ‘கூத்தாடி’ என்று இகழ்ந்துகொண்டே, அவள் பாட்டை இரவெல்லாம் விழித்திருந்து கேட்ட சமூகம் நம்முடையது. கணவனை இழந்தவளையோ அது வீட்டு மூலையில் இருத்திற்று. இவ்விரு இழிவுகளுக்கும் எதிர்நின்று, அரை நூற்றாண்டுக்கு மேல் கலைத்தொண்டு புரிந்தவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்.

அமெரிக்காவில் எதெல் பாரிமோர் என்னும் நடிகை நாடகத்திலும் சினிமாவிலும் நெடுங்காலம் புகழோடு விளங்கினார். 1928-இல் நியூயார்க்கில் அவர் பெயராலேயே ஓர் அரங்கம் எழுந்தது. ஆனால் அவர் நடிகர் குடும்பத்தில் பிறந்தவர். நம் அம்மையாரோ 1908-இல் வறுமையிற் பிறந்து, சிறுவயதில் ரயில் வண்டியில் பாடியவர். அக்குரலே அவரை நாடக மேடைக்குக் கொண்டு சேர்த்தது. இலங்கையிலும் புகழ் தேடித் தந்தது. உடன் நடித்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சாதி வேற்றுமை பாராது மணந்தார். 1933-இல் கிட்டப்பா காலமானபோது அம்மையாருக்கு வயது 25.

அன்றுமுதல் வெள்ளாடை உடுத்தார். ஆடவர்க்கு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். இது பழமைக்குப் பணிந்த செயலன்றோ எனச் சீர்திருத்த அன்பர் வினவலாம். பின் நிகழ்ந்ததை நோக்குங்கள். 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண்வேடம் ஏற்று, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்நாளில் அது கேட்டோர் வியந்த தொகை. ‘மணிமேகலை’ (1940), ‘ஔவையார்’ (1953) ஆகியவற்றில் நடித்தார். ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகளாகவும், ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் மீண்டும் ஔவையாகவும் தோன்றினார். இவர்கள் யாவரும் ஒரு தலைவனின் துணையால் அன்றித் தம் அறிவாலும் அன்பாலும் உயர்ந்தோர். இளமையழகை நம்பிய நடிகையர் பலர் முதுமையில் மறக்கப்பட்டனர். அம்மையாருக்கோ வயது ஏற ஏற வேடம் பொருந்திற்று.

சென்னை மேல்சபையிலும் அவர் உறுப்பினராக வீற்றிருந்தார். 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது ‘துணைவன்’ படத்திற்காக அவருக்குக் கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980-இல் மறைந்தார்.

தோட்டத்து அன்பர்களே, நகரத்து நண்பர்களே! ஔவையாகத் தோன்றிய அம்மையாரைக் கைகூப்பி வணங்கினோம். அவரைப் போன்றே கணவனை இழந்த நம் சகோதரியை மணப்பந்தலில் பின்னே ஒதுங்கி நிற்கச் சொல்வது எந்த நியாயம்? அவளை முன்வரிசைக்கு அழையுங்கள். மேடையேற விரும்பும் மகளைத் தடுக்காதீர்கள். அம்மையாரின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த நாம் செலுத்த வேண்டிய கடன் அதுவே.