கொடைக்கானலில் தெரிந்த சூரியப் புள்ளி

கொடைக்கானல் என்றால் ஏரியும் படகும்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகமும் அங்கேதான் இருக்கிறது.

சூரியப் புள்ளிகளில் பலமான காந்தப்புலம் இருப்பதை 1908-ல் அமெரிக்காவில் ஹேல் கண்டுபிடித்தார். அங்கே வாயு சுழல்காற்று மாதிரி சுற்றுகிறது, அதனால்தான் காந்தம் என்பது அவர் எண்ணம். 1909 ஜனவரியில் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் நிறமாலை எடுத்துப் பார்த்தால்... சுழலையே காணோம்! வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேற்பரப்பை ஒட்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. மின்னேற்ற வாயு காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்பது விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

வெடிப்புகளுக்கும் அதே காந்தம்தான் வழிகாட்டி. புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில், துருவத்தை ஒட்டிக் கிளம்பும் பிழம்பைத் துருவக் காந்தப்புலம் பெரும்பாலும் சூரியனின் நடுக்கோட்டுப் பக்கம் வளைத்துவிடும். பூமி இருப்பதும் ஏறத்தாழ அந்த மட்டத்தில்தான்!

இந்த வெடிப்புகளைக் கவனிக்க 2023 செப்டம்பரில் ஆதித்யா எல்1 கிளம்பியது. அதன் முக்கியக் கருவியை உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிறது.