களவும் பகையும்: மதுரை மேடையில் வள்ளியும் ஜூலியத்தும்

பகைத்து நிற்கும் இரு குடும்பங்களின் இளையோர் மறைவில் காதலித்து மடியும் கதையை ஷேக்ஸ்பியர் 1590களின் நடுப்பகுதியில் மேடைக்கு எழுதினார். அதற்கு முன்பே இத்தாலியக் கதைகளிலும், ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட ஆங்கிலச் செய்யுளிலும் வழங்கிவந்த அக்கதை, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழ் மேடையை அடைந்தபோது, காதலர் மறைவில் கூடுவதைச் சொல்லும் முழுமையான இலக்கணம் ஒன்று இங்கு ஏற்கெனவே இருந்தது. தொல்காப்பியம் களவு என வகுத்த ஒழுக்கத்தில் காதலர் இரவில் சந்திக்கும் இரவுக்குறியும், தலைவியை வீட்டிற்குள் அடைத்துவைக்கும் இற்செறிப்பும், சுற்றத்தார் வேறொருவனுக்கு மணம்பேச முற்படுவதும், காதலனோடு அவள் ஊர்நீங்கும் உடன்போக்கும் இடம்பெறுகின்றன. ஜூலியத்தின் மாடத்துச் சந்திப்பையும் பாரிசுடன் பேசப்படும் மணத்தையும் இக்கட்டமைப்பிற்குள் வைத்துப் புரிந்துகொள்வது தமிழ்ப் பார்வையாளருக்குக் கடினமாக இருந்திருக்க முடியாது. எனினும் அக்களவு கற்பில், அதாவது ஊரறிந்த மணவாழ்வில், சென்று முடிய வேண்டும் என்பதே மரபின் எதிர்பார்ப்பு. கல்லறையில் முடியும் களவுக்கு அங்கே இடமில்லை.

இவ்விரு மரபுகளும் சந்தித்த களங்களுள் மதுரை முதன்மையானது. பசுமலையில் அமெரிக்க மதுரை மிஷன் 1881இல் தொடங்கிய கல்லூரி, 1904இல் நகருக்குள் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்து, ஆங்கிலக் கல்வியை இப்பகுதியில் வேரூன்றச் செய்தது. பசுமலையை அடுத்த விளாச்சேரியில் 1870இல் பிறந்த பரிதிமாற்கலைஞர், வடமொழி, ஆங்கில நாடக நெறிகளைத் தமிழுக்கு இசைவித்து 1897இல் 'நாடகவியல்' இயற்றினார். ஆனால் இவை கற்றோர் அவையோடு நின்ற முயற்சிகள். ஊர்மக்கள் முன் அந்தச் சந்திப்பை நிகழ்த்தியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் சிறுவர் நாடகக் குழுவை நிறுவிய அவர், 'வள்ளி திருமணம்' எழுதிய அதே கையால் 'ரோமியோ ஜூலியத்'தையும் தமிழாக்கினார்.

ஒரே ஆசிரியரின் இவ்விரு நாடகங்களும் அடைந்த வாழ்வு முற்றிலும் வேறு. 'வள்ளி திருமணம்' மதுரை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடியவிடிய நடிக்கப்படுகிறது; 'ரோமியோ ஜூலியத்' மேடையிலிருந்து மறைந்துவிட்டது. இதற்கு அயற்கதை என்பதை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. சுவாமிகளின் நாடகங்களைப் பிற்காலத்தில் சுமந்து சென்றது ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை. இதில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனத் தனித்தனியே ஒப்பந்தமாகும் கலைஞர்கள் ஒத்திகையின்றி அன்றிரவு மேடையிலேயே ஒன்றுகூடுவதால், அனைவருக்கும் மனப்பாடமான நாடகம் மட்டுமே நிலைக்கும். வள்ளிக்கும் நாரதருக்கும் நிகழும் தர்க்கத்தை நடிகர் தம் திறத்திற்கேற்ப நீட்டலாம், சுருக்கலாம். கேட்போருக்குக் கதை முன்பே தெரியுமாதலால் எதுவும் கெடுவதில்லை. நஞ்சும் கடிதமும் நாழிகை தவறாமல் ஒன்றோடொன்று பிணைந்து செல்லும் ரோமியோவின் கதைக்கோ ஒத்திகையும் ஆசிரியரின் கண்காணிப்பும் உள்ள கம்பெனி நாடகமே ஏற்ற இடம். அம்முறை தேய்ந்தபோது அதைச் சார்ந்திருந்த கதைக்கும் மேடையில் இடமில்லாது போயிற்று.

இதனினும் ஆழமான வேறுபாடு பகையைத் தீர்க்கும் முறையில் உள்ளது. கந்தபுராணத்தின்படி, மகளைக் கவர்ந்தவனை எதிர்த்துவந்த நம்பிராசனும் வேடர்களும் மாண்டு வீழ்ந்து, முருகன் அருளால் வள்ளியின் சொல்கேட்டு உயிர்பெற்றெழுந்து, தாமே மணம் நடத்திவைக்கின்றனர். ரோமியோவின் வாளால் வீழ்ந்த ஜூலியத்தின் உறவினன் திபால்ட் மீள்வதில்லை. அக்கொலையே காதலரை அழிவுக்கு இட்டுச்செல்ல, இரு குடும்பங்களும் பிள்ளைகளின் உடல்களுக்கு முன்னர்தான் சமாதானம் அடைகின்றன. உறவினர் செய்த பகையை மன்னித்து அவர்களையும் மணப்பந்தலுக்கு அழைத்துவரும் கதையை விழாமேடை விரும்பியது இயல்பே. அதே வேளையில் தமிழ் மரபு காதலர் சாவை அறியாததன்று என்பதற்கு, பொம்மியைக் கவர்ந்து மணந்து பின்னர் மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் கதை சான்றாகும். ஆனால் அங்கும் இறந்தவன் தெய்வமாகி, மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுர வாயிலில் வழிபாடு பெறுகிறான்.

மேடை கைவிட்டதைத் திரைப்படம் ஓரளவு எடுத்துக்கொண்டது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில், எம். கே. தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்து 1937இல் வெளிவந்த 'அம்பிகாபதி'யில், இளங்கோவனின் உரையாடல் 'ரோமியோ ஜூலியட்'டின் காதற்காட்சிகளைத் தழுவி அமைந்தது. கம்பரின் மகனுக்கும் சோழ இளவரசி அமராவதிக்கும் இடையிலான அக்கதையில் காதலரின் சாவு அப்படியே இருக்க, பகை மட்டும் உருமாறியது: நிகரான இரு குடும்பங்களின் பழம்பகை இருந்த இடத்தில் அரசனுக்கும் புலவனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு வந்து அமர்ந்தது. இம்மாற்றம் தற்செயலானதன்று, காதலுக்குத் தடையாகத் தமிழ்ப் பார்வையாளர் அன்றாடம் கண்டது குடிப்பகையைக் காட்டிலும் சாதியும் தகுதியும் வகுத்த எல்லையையே.